யார் கொடுத்த அதிகாரம்?

(நமது பங்கின் நூற்றாண்டு யூபிலி நவநாளில், ஐந்தாம் நாள் மாலைத் திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை நிகழ்த்திய உரை)



நவநாளின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொருளைக் குறித்துக் கொடுத்த விழாக் குழுவினர், ஐந்தாம் நாளுக்குப் "பிரிந்த சகோதரர்கள்" என்று எழுதித் தந்தார்கள். நாம் அதைச் சற்றே மாற்றிக்கொண்டோம். பிரிந்து போனவர்களைப் பற்றிப் பேசுவது எளிது. அவர்கள் இங்கே அமர்ந்திருக்கவில்லை. அவர்கள் நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு விடை சொல்வதுதான் கடினம்.

அக்கேள்வி உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததே. பேருந்து நிறுத்தத்தில் துண்டுப் பிரசுரத்தோடு வரும் இளைஞர் கேட்கிறார். சம்பந்தி வீட்டார் கேட்கிறார்கள். வெளியூரில் வேலைக்குப் போய் அங்கே வேறொரு சபைக்குச் சென்றுவரும் மகன், விடுமுறைக்கு வந்த இடத்தில், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு பெற்ற தாயையே கேட்கிறான். "செபமாலை வேதத்தில் எங்கே இருக்கிறது? பாப்பரசர் வேதத்தில் எங்கே இருக்கிறார்? பாவத்தை மன்னிக்க உங்கள் சாமியாருக்கு யார் கொடுத்த அதிகாரம்?" தாய்க்கு விடை தெரியவில்லை. மறுநாள் காலை பங்கு இல்லத்து வாசலில் வந்து நிற்கிறாள். "சாமி, நான் என்ன சொல்லட்டும்?" என்கிறாள். இந்த ஓராண்டில் மட்டும் இப்படி வந்த தாய்மார் சிலர் இப்போதும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அன்று வாசலில் நின்று சொல்ல நேரமில்லாமல் போனதை இன்று சொல்கிறோம்.

முதலில் அந்த வேதப் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். புதிய ஏற்பாட்டில் 27 நூல்கள் உள்ளன. நூல்கள் 27 என்றும், அவை இன்னின்னவை என்றும் அந்த 27 நூல்களில் எதிலாவது எழுதியிருக்கிறதா? இல்லை. முதல் சில நூற்றாண்டுகளில் எபிரேயர் திருமுகத்தை ஐயுற்ற சபைகள் இருந்தன. திருவெளிப்பாட்டை ஒதுக்கி வைத்த சபைகளும் இருந்தன. எர்மாஸ் என்பவர் எழுதிய "மேய்ப்பர்" என்ற நூலைச் சில இடங்களில் வேதத்துக்கு ஒப்பாக வாசித்து வந்தார்கள். கி.பி. 367ம் ஆண்டில் அலெக்சாந்திரியா நகரத்து ஆயராகிய புனித அத்தனாசியார் தமது பாஸ்கா மடலில், இன்று நம் கையிலும் லுத்தரன் சகோதரர் கையிலும் இருக்கும் அதே 27 நூல்களைப் பட்டியலிட்டார். தாமாகப் புனைந்த பட்டியல் என்று அவர் சொல்லவில்லை. முன்னோரிடமிருந்து வழிவழியாகப் பெற்றது என்றே சொன்னார். வழிவழியாகப் பெற்றது என்றால் என்ன? அதற்குத்தான் மரபு என்று பெயர். ஆகவே, "மரபு வேண்டாம், வேதமே போதும்" என்று ஒருவர் சொல்லும்போது, மரபு கொண்டுவந்து கொடுத்த நூலைக் கையில் ஏந்திக்கொண்டுதான் அதைச் சொல்கிறார். இதை அவருக்குக் கோபமின்றி எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. ஞாயிறுதோறும் நாம் சொல்லும் விசுவாச அறிக்கையில், சுதனாகிய இயேசு பிதாவோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிடுகிறோம். அந்தச் சொல் வேதத்தில் இல்லை. 325ம் ஆண்டு நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் அதை வேண்டுமென்றே சேர்த்தார்கள். ஏனெனில் ஆரியுஸ் என்னும் குருவும் அவரைச் சேர்ந்தவர்களும் வேத வசனங்களையே அடுக்கிக் காட்டித்தான், சுதன் படைக்கப்பட்டவர் என்று வாதாடினார்கள். வசனத்துக்கு வசனம் என்று போனால் வழக்குத் தீராது என்று கண்ட ஆயர்கள், திருச்சபை தொடக்கமுதல் விசுவசித்து வந்ததைக் காக்க வேதத்துக்கு வெளியேயிருந்து ஒரு சொல்லை எடுத்தார்கள். அந்தச் சொல்லை இன்று தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன் சபையாரும் நம்மோடு சேர்ந்தே அறிக்கையிடுகிறார்கள். நிசேயா சங்கத்தின் 1700ம் ஆண்டு நிறைவையொட்டி, 2025 நவம்பரில் திருத்தந்தை பதினான்காம் லியோவும், கொன்ஸ்தாந்திநோப்பிள் முதுபெருந்தந்தை பர்த்தலமேயுவும் அவ்வூர் மண்ணில் நின்று சேர்ந்து செபித்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, நாம் வென்றுவிட்டோம் என்று யாரும் மகிழ வேண்டாம். மரபு என்ற சொல்லை நாம் எதற்கெல்லாம் கேடயமாகப் பிடித்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். மனிதர் ஏற்படுத்திய மரபுக்காகக் கடவுளின் கட்டளையை விட்டுவிட்டவர்களை ஆண்டவர் கண்டித்ததை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இத்தமிழ்நாட்டில், ஒரே பலிபீடத்துக்கு முன்னால் சாதிக்கொரு பக்கமாக மக்களை உட்காரவைத்தோம். கல்லறையிலும் வரப்புக் கட்டினோம். கேட்டவர்களுக்கு "மரபு" என்று பதில் சொன்னோம். இதில் தரங்கம்பாடிச் சபையாரும் நம்மைவிட மேலாக நடந்துகொள்ளவில்லை என்பது வேறு செய்தி. அத்தனாசியார் கொடுத்த மரபு ஒன்று. நம் பாட்டன் கட்டிய வரப்பு வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிடுவார்கள். எறிந்தும் இருக்கிறார்கள்.

தரங்கம்பாடி என்றோம். அது நமக்குத் தொலைவிலுள்ள ஊர் அல்ல. உங்களில் பலருக்கு அங்கே உறவினர் உண்டு. சீகன்பால்கு ஐயர் 1706ம் ஆண்டு சூலை மாதம் அங்கே கரையிறங்கியபோது, அவ்வூரில் நம்மவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். நம் குருக்கள் எழுதிய தமிழ்ச் சுவடிகள் அவர் கையில் கிடைத்தன. கிறிஸ்தவ விசுவாசத்துக்குரிய சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவர் அவற்றிலிருந்தே கற்றார். நம் பாட்டிமார் செபத்தில் சொன்ன "சர்வேசுரன்" என்ற சொல்லையே அவரும் முதலில் எடுத்துக்கொண்டார். 1715ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. நம் பக்கத்தில் என்ன இருந்தது? 1578லேயே கொல்லத்தில் அண்ட்ரிக்கு அடிகளார் "தம்பிரான் வணக்கம்" அச்சிட்டார் என்ற பெருமை இருந்தது. வீரமாமுனிவரின் தேம்பாவணி இருந்தது. ஆனால் சாதாரண விசுவாசி கையில் பிடித்து வாசிக்க அச்சிட்ட புதிய ஏற்பாடு, 19ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நம்மிடம் இல்லை. "வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்று அவர்கள் கேட்டபோது, நம் முன்னோர் கையில் செபப்புத்தகம் இருந்தது; புரட்டிப் பார்க்க வேதப்புத்தகம் இருக்கவில்லை. இதை ஒப்புக்கொள்வதால் நமக்குக் குறைவு ஒன்றுமில்லை.

வீரமாமுனிவர் அவர்களை எதிர்த்து வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்னும் நூல்களை எழுதினார். அவர்களுடைய தமிழைக் கேலியும் செய்தார். அவருடைய தமிழுக்கு நாம் அடிமை. ஆயினும் அந்நூல்களின் சொற்சூட்டை இன்று மேடையில் எடுத்து வீசுவோருக்கு, அவர் வாழ்ந்த காலம் வேறு என்பதை நினைவூட்டுவோம். அதன்பின் இரு பக்கத்தாரின் சொற்களும் வெவ்வேறாயின. பப்ரிசியுஸ் ஐயர் "பராபரன்" என்றார். பின்வந்தவர்கள் "தேவன்" என்றார்கள். நாம் "சர்வேசுரன்" என்றோம். நமக்கு இராயப்பர், அவர்களுக்குப் பேதுரு. நமக்குச் சின்னப்பர், அவர்களுக்குப் பவுல். நமக்கு அருளப்பர், அவர்களுக்கு யோவான். ஒரே தெருவில் ஒரே அப்போஸ்தலருக்கு இரண்டு பெயர். பெயரைச் சொன்னதுமே இவன் எந்தக் கோவில் என்று தெரிந்துவிடும். 1995ல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தபோது, இரு பக்கத்து அறிஞரும் ஒன்றாக அமர்ந்து உழைத்ததன் பயனாகக் "கடவுள்" என்றும், "பேதுரு" என்றும் ஒரே சொல்லுக்கு வந்தார்கள். நம் முதியோர் சிலர், இராயப்பரை எடுத்துவிட்டார்களே என்று வருந்தினார்கள். அவர்கள் வருத்தம் நமக்குப் புரிகிறது. நமக்கும் வாய் தவறி இராயப்பர் என்றே இன்னும் வருகிறது.

(நம் விவிலியத்தில் கூடுதலாக நூல்கள் இருப்பதைப் பற்றியும் கேட்பார்கள். அவற்றைத் திரெந்து சங்கம் 1546ல் உறுதிசெய்தது. லுத்தர் 1534ல் வெளியிட்ட ஜெர்மன் விவிலியத்திலும் அவை இரு ஏற்பாடுகளுக்கும் இடையே தனியாக அச்சிடப்பட்டிருந்தன. இதற்குமேல் இதைக் குறித்துச் சண்டை வேண்டியதில்லை.)

இப்போது அதிகாரத்துக்கு வருவோம். இராயப்பருக்கு ஆண்டவர் திறவுகோல்களைக் கொடுத்தார் என்று மத்தேயு 16லும், சகோதரரை உறுதிப்படுத்தும் பொறுப்பைக் கொடுத்தார் என்று லூக்கா 22லும், ஆடுகளை மேய்க்கச் சொன்னார் என்று யோவான் 21லும் வாசிக்கிறோம். அந்தப் பொறுப்பு அவரோடு முடிந்துவிடவில்லை; அவர் வழிவந்த உரோமை ஆயரிடம் தொடர்கிறது என்பது நம் விசுவாசம். இதை நாம் மறைக்கவோ குறைக்கவோ போவதில்லை. ஆனால் நம்மிலேயே பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பாப்பரசர் பேசுவதெல்லாம் தவறாவரம் என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. 1870ல் முதல் வத்திக்கான் சங்கம் வரையறுத்தபின், அவ்வரத்தைக் கொண்டு ஒரு பாப்பரசர் முறைப்படி ஒரு விசுவாச சத்தியத்தை அறிவித்தது ஒரே முறைதான்: 1950 நவம்பர் 1ந் தேதி, தேவமாதாவின் விண்ணேற்பு. ஆசிரியத் திருச்சபை இறைவார்த்தைக்கு மேற்பட்டதன்று, அதற்கு ஊழியம் செய்வது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல் தெளிவாகக் கூறிவிட்டது. அந்தியோக்கியாவில் இராயப்பர் தவறு செய்தபோது, சின்னப்பர் முகத்துக்கு நேரே எதிர்த்து நின்றதைக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் காண்க. எதிர்த்தார், ஆனால் தனிச்சபை ஆரம்பிக்கவில்லை. இராயப்பரும் அவரைத் தள்ளிவைக்கவில்லை.

லுத்தர் காலத்தில் இவ்விரண்டும் நடவாமற்போனதே துயரம். பாவப் பரிகாரப் பலன்களைப் பணத்தோடு சேர்த்துப் பேசியது ஊழல்தான். அதை நியாயப்படுத்தப் புறப்படும் கத்தோலிக்கர், பாப்பரசரைவிடக் கத்தோலிக்கராகப் பார்க்கிறார். ஆறாம் அதிரியான் என்ற பாப்பரசர், 1523 சனவரியில் நூரம்பர்க் நகரத்து மன்றத்துக்குத் தம் தூதரை அனுப்பி, சீர்கேடு உரோமையின் உச்சியிலிருந்தே கீழே பரவியது என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே இறந்துபோனார். அவரை நாம் குருமடத்தில் ஒரு வரியில் படித்துக் கடந்தோம். இப்போது ஐம்பதைத் தாண்டிய வயதில், அந்த ஒரு வரிக்காக அவர்மேல் தனி அன்பு உண்டாகிறது.

சரி, பாப்பரசரை ஏற்றுக்கொண்டவர்களுக்குள்ளாவது அதிகாரச் சண்டை இல்லாமல் இருந்ததா? நம் கோவிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். நூறாண்டுக்கு முன் இது தனிப்பங்கானபோது நம் முன்னோர் மயிலை மேற்றிராசனத்தின் மக்கள். அது போர்த்துக்கல் அரசின் பதுரவாதோ உரிமைக்கு உட்பட்டது. கிழக்கு நாடுகளில் ஆயர்களை முன்மொழியவும் கோவில்களைப் பராமரிக்கவும் போர்த்துக்கல் மன்னருக்குப் பாப்பரசர்கள் முன்னே அளித்த உரிமை அது. பின்னர் அந்நாட்டால் அப்பொறுப்பைச் சுமக்க இயலாமற்போனபோது, உரோமை தானே நேரடியாகப் பிரதிநிதி ஆயர்களை அனுப்பியது. 1838ல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார், மயிலை, கொச்சி, கொடுங்கல்லூர் ஆகியவற்றின் ஆளுகையை அப்பிரதிநிதிகளுக்கு மாற்றி ஆணை பிறப்பித்தார். கோவைக் குருக்கள் அதாவது கோவா நாட்டிலிருந்து வந்த குருக்கள், அரசர் இசைவில்லாத ஆணை செல்லாது என்றார்கள். ஊர் இரண்டுபட்டது. இரு பக்கமும் அதே இலத்தீன் பூசை, அதே செபமாலை, அதே மாதா, அதே பாப்பரசருக்காகச் செபம். சாமியார் மட்டும் இரண்டு பேர். ஒருவர் கொடுத்த ஞானஸ்நானத்தையும் மெய்விவாகத்தையும் மற்றவர் கேள்வி கேட்டார். கோவில் சாவி யாருக்கு என்று வெள்ளைக்காரன் கோர்ட்டுக்குப் போன ஊர்களும் உண்டு. 1886ல் ஓர் உடன்படிக்கை வந்தது. ஆயினும் ஒரே ஊரில் இரட்டை ஆளுகை என்ற நிலை 1928ம் ஆண்டு உடன்படிக்கையால்தான் முடிவுக்கு வந்தது. மயிலையின் மேல் போர்த்துக்கலுக்கு இருந்த உரிமை 1950ல் கைவிடப்பட்டது. 1952ல் தஞ்சை மறைமாவட்டம் பிறந்தது. லிஸ்பனிலும் உரோமையிலும் எழுந்த வழக்குக்காகக் காவிரிக்கரைக் குடியானவன் தன் அண்ணன் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் இருந்தான்.

இதையே தரங்கம்பாடியில் வேறு சிலர் உணர்ந்தார்கள். 1919 மே மாதத்தில் ஆங்கிலிக்கன் சபையையும் தென்னிந்திய ஐக்கிய சபையையும் சேர்ந்த 33 ஊழியர்கள் அங்கே கூடி, தங்களைப் பிரித்து வைத்திருக்கும் பிரிவினைகள் தாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியேயிருந்து தங்கள்மேல் வைக்கப்பட்டவை என்று அறிக்கை விட்டார்கள். அவர்களுள் முதன்மையானவர் நெல்லைச் சீமையிலே வெள்ளாளன்விளையில் பிறந்து, ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயரான அசரியா. எல்லாவற்றிலும் ஒத்துப்போக முடிந்த அவர்களுக்கு ஒரே ஒரு முடிச்சு அவிழவில்லை. அது என்ன என்று நினைக்கிறீர்கள்? ஆயருக்கு யார் கொடுத்த அதிகாரம் என்பதேதான்! அப்போஸ்தலர் வழிவந்த ஆயர் கை வைத்தாலன்றிக் குருத்துவமில்லை என்றது ஒரு பக்கம். அப்படியானால் இதுவரை நாங்கள் செய்த ஊழியமெல்லாம் பொய்யா என்றது மறுபக்கம். இருபத்தெட்டு ஆண்டுகள் பேசினார்கள். இனி அருட்பொழிவு பெறுவோர் ஆயரிடமே பெறுவர். ஏற்கெனவே ஊழியத்திலிருப்போர் மறுபடி பெற வேண்டியதில்லை என்று இறுதியில் இசைந்தார்கள். 1947 செப்டம்பர் 27ந் தேதி சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைக் காணவில்லை. 1945 புத்தாண்டு நாளன்றே காலமாகிவிட்டார். அவர்கள் கண்ட தீர்வை நம் திருச்சபை ஏற்க இயலாது. குருத்துவம் பற்றிய நம் விசுவாசம் வேறு. ஆனால் இருபத்தெட்டு ஆண்டுகள் எழுந்துபோகாமல் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த பொறுமையை நாம் ஏற்கலாம். பங்குப்பேரவையில் நம்மால் இருபத்தெட்டு நிமிடம் உட்கார முடிவதில்லை.

1995ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய தமது சுற்றுமடலில், இராயப்பரின் பணியை எவ்விதமாக ஆற்றினால் எல்லாருக்கும் அன்பின் ஊழியமாக விளங்கும் என்று தம்மோடு சேர்ந்து ஆராயும்படி பிற சபைத் தலைவர்களையே கேட்டுக்கொண்டார். அதிகாரமுள்ளவர் தம் அதிகாரத்தைப் பற்றி மற்றவரிடம் யோசனை கேட்டார். 1999ல் இரட்சிப்பு விசுவாசத்தினாலா என்ற பழைய வழக்கில், அடிப்படை உண்மைகளில் உடன்பாடு உண்டென்று நாமும் லுத்தரன் உலக ஐக்கியமும் ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்டோம். சில செய்திகள் நம் வீடுகள்வரை வந்திருக்கின்றன: முறைப்படி அளிக்கப்பட்ட அவர்கள் திருமுழுக்கை நாம் மீண்டும் கொடுப்பதில்லை, கலப்பு மணத்தில் முன்போல மறுதரப்பாரிடம் வாக்குறுதி வாங்குவதில்லை. நற்கருணைப் பந்தியில் மட்டும் இன்னும் ஒன்றாகவில்லை. அந்த வலியை வலியாகவே வைத்திருப்போம்; ஒன்றுமில்லாதது போல் நடிக்க வேண்டாம்.

இனிச் சொல்லப்போவது நம் சொந்தக் கணக்கு.

முன்பு நாம் ஊழியம் செய்த வேறொரு பங்கில் ஒரு மூதாட்டி இறந்தார். நம் கோவிலில் ஞானஸ்நானம் பெற்று, நம் கோவிலில் தாலி கட்டி, ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். பேரப்பிள்ளை நோயுற்றுக் கிடந்தபோது பெந்தெகொஸ்தே சபையார் வீடு தேடி வந்து இராமுழுவதும் செபித்தார்கள், நாம் போகவில்லை, நமக்கு யாரும் சொல்லவில்லை என்று அப்போது நம்மைத் தேற்றிக்கொண்டோம். அதன்பின் அவர் அந்தச் சபைக்கே சென்றுவந்தார். பிள்ளைகள் நம்மோடுதான் இருந்தார்கள். கணவர் நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருந்தார். அவர் அருகே ஓர் ஆள் கிடக்கும் இடத்தை அந்த அம்மாளே கேட்டு வாங்கிக் கல்கட்டி வைத்திருந்தார். மூத்த மகன் இரவு ஒன்பது மணிக்கு வந்து நின்றான். பங்கின் கல்லறை விதியில், சபை மாறியவருக்கு இடமில்லை என்றிருந்தது. பெரியவர்கள் விதியைக் காட்டினார்கள். நாமும் காட்டினோம். மறுநாள் அவரை ஐந்து மைல் தள்ளிப் பஞ்சாயத்து இடுகாட்டில் புதைத்தார்கள்.

திருச்சட்டம் 1183ன்படி, பிற சபையில் திருமுழுக்குப் பெற்ற ஒருவருக்கே, அவருடைய சொந்த ஊழியர் கிடைக்காதபோது, ஆயரின் விவேகத்துக்கு ஏற்ப அடக்கச் சடங்கு அளிக்கலாம். நம்மை விட்டுச் சென்றவரின் நிலை அதைவிடச் சிக்கலானது என்பதை நாம் அறிவோம். ஆனால் சடங்கை யாரும் கேட்கவில்லை. ஆறடி நிலத்தைக் கேட்டார்கள். ஆயர் இல்லத்துக்கு ஒரு தொலைபேசி செய்திருந்தால் விடை கிடைத்திருக்கும். நாம் செய்யவில்லை. யார் கொடுத்த அதிகாரம் என்று அந்த மகன் நம்மைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அன்று நம்மிடம் விடை இருந்திருக்காது.

நம் பங்கின் கல்லறைத் தோட்ட விதிகளிலும் ஏழாவதாக அதே வரி உள்ளது. கணவனோ மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ இங்கே அடக்கமாகியிருக்கும் எந்தக் கிறிஸ்தவருக்கும் அவர் அருகே இடம் தரலாம் என்றும், அவருடைய சபை ஊழியர் கல்லறையருகே செபிக்கத் தடையில்லை என்றும் அதைத் திருத்தும்படி எழுதி, ஆயர் அவர்களின் இசைவுக்கு அனுப்பியிருக்கிறோம். பங்குப்பேரவை வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பள்ளிக்கூட அறையில் கூடுகிறது. நிகழ்ச்சி நிரலில் இது மூன்றாவது. உடன்படாதவர்கள் வெளியே நின்று பேசாமல் உள்ளே வந்து சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். விதிப் பிரதி கோவில்பிள்ளையிடம் இருக்கிறது.